நூத்தி எண்பத்தாறு பேருக்கு ஒரு மெயில்

தம்பி, ஒரு நிமிஷம். இப்ப ஒரு மெயிலை அழிச்சீங்கல்லா, அதைத் தொறந்து பாத்தீங்களா? இல்ல. தலைப்பைக்கூட முழுசாப் படிக்கல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அடுத்தவன் போனை எட்டிப் பாக்கக் கூடாதுதான். ஆனா சன்னல் சீட்டை நீங்க பிடிச்சுக்கிட்டா நான் வேற எங்க பாக்க? வண்ணாரப்பேட்டைல ஆரம்பிச்சு இந்தா கங்கைகொண்டான் வந்துட்டு. அதுக்குள்ள பதினேழு மெயில். எண்ணிட்டேன். பதினேழையும் ஒத்தப் பெருவிரலால கொன்னுட்டீங்க. ஒவ்வொண்ணையும் எவனோ உக்காந்து எழுதியிருப்பான்லா?

கோவிச்சுக்கிடாதீங்க. எனக்கு அதுல ஒரு அடி விழுந்திருக்கு, அதான் கேட்டுட்டேன்.

என் பேரு குத்தாலிங்கம். பாளையங்கோட்டை. முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆபீஸ்ல டிராஃப்ட் எழுதி, கண்காணிப்பாளரா ரிட்டையர் ஆனவன். நான் எழுதுன கடிதத்துல மேலதிகாரி ஒரு கமாவை நகத்த மாட்டாரு. ஏன்னா படிக்கவே மாட்டாரு, நேராக் கையெழுத்துதான். அவ்வளவு நம்பிக்கை.

ரிட்டையர் ஆன கையோட எங்க ஏரியால மாடித்தோட்ட நண்பர்கள் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பதிவு பெற்ற சங்கம். நூத்தி எண்பத்தாறு உறுப்பினர். ஒம்பது வருஷம் நான்தான் செயலாளர். செடியைப் பத்தி மட்டும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்க, அது வேற டிபார்ட்மெண்ட். எங்க வீட்டு மாடில இருக்கது எல்லாம் என் வீட்டுக்காரி ஆவுடை பாக்குற ஜோலி. கத்தரி, வெண்டை, என்னமோ பந்தல் போட்டு ஒரு பச்சைக் கொடி, நீளமா ஒரு காய் தொங்கும். நான் நிர்வாகம். செடிக்குத் தண்ணி ஊத்த எவனும் ஊத்திருவான் தம்பி, மினிட்ஸ் எழுத எவன் இருக்கான்?

சங்கம்னா சும்மா பேருக்கு இல்ல, பாத்துக்கிடுங்க. எங்க தெருவுக்குப் பின்னால ஒரு பள்ளிக்கூடம். அதோட மொட்டை மாடியை எங்களுக்கு விட்டிருக்காங்க. முந்நூறு தொட்டி. அரைக்கீரை, சிறுகீரை, தண்டங்கீரை. அதுல விளையுறது அப்படியே பிள்ளைகளோட மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும். ஒண்ணே ஒண்ணு, வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாட்ட குடுக்கணும். தீர்மானம் இல்லைன்னா அடுத்த வருஷம் மாடி கிடையாது. பொதுக்குழுன்னா அறுபத்திரெண்டு பேர் வரணும். விதி பதினொண்ணு, உட்பிரிவு நாலு. அந்த விதியை எழுதினதே நான்தான்.

போன வருஷம் பொதுக்குழுவுக்கு நான் மெயில் போட்டேன். எப்படிப்பட்ட மெயில் தெரியுமா? "அனுப்புநர், பெறுநர். பொருள்: பா.மா.ந.சங்கம், ஒன்பதாம் ஆண்டுப் பொதுக்குழு, கூட்டுதல், தொடர்பாக. பார்வை: ஒன்று, செயற்குழு நடவடிக்கைக் குறிப்பு, இரண்டு, இவ்வலுவலக முன்கடிதம்." அதுக்கப்புறம் "பார்வையில் காணும் கடிதங்களின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது"ன்னு தொடங்கி ஒரே வாக்கியம், இருபத்தோரு வரி. ஒரே வாக்கியம் தம்பி! முற்றுப்புள்ளி வைக்காமக் கடைசி வரைக்கும் கொண்டுபோறதுன்னா லேசா? அதை அச்சடிச்சு, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு, ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தைத்தான் மெயில்ல இணைப்பேன். ஸ்கேன் கொஞ்சம் கோணலா வரும். போனைச் சாச்சுப் பிடிச்சுப் படிச்சுக்கிடணும்.

கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு நினைக்கீங்க?

பதினோரு பேர். அதுல ரெண்டு பேர் பஜ்ஜிக்காக வந்தவங்க. ஒருத்தர் மண்டபம் மாறி வந்துட்டாரு, அவருக்குக் கண் சிகிச்சை முகாமுக்குப் போகணும்.

எங்க தலைவர் இசக்கியப்பன், ரிட்டையர்டு மாட்டு டாக்டர், மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் காலி நாற்காலியைப் பாக்காரு. "வே குத்தாலிங்கம், அறுபது பேருக்குப் பஜ்ஜி சொல்லிட்டேன்வே"ன்னாரு. மனுஷனுக்கு அதான் கவலை. அப்புறமாத்தான், "இன்னும் ஒரு தடவை பாப்போம். அதுக்கும் ஆள் வரலைன்னா கலைச்சிருவோம். தொட்டியை எல்லாம் ஆளுக்கு ரெண்டா எடுத்துட்டுப் போயிருவோம்"ன்னாரு.

அப்பதான் பின்னால இருந்து ஒரு பிள்ளை கை தூக்கிச்சு. கெப்சிபான்னு பேரு. புதுசாச் சேந்த உறுப்பினர், முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்கா. என்ன வேலை? பெரிய பெரிய கிளப்புக்கும் சங்கத்துக்கும் மெயில் எழுதிக் குடுக்குற வேலையாம். இதுக்கெல்லாம் ஒரு வேலையா பாத்துக்கிடுங்க.

என் மெயிலைப் போன்ல வச்சுக்கிட்டு, "அண்ணாச்சி, கூட்டம் எத்தனை மணிக்குன்னு இதுல எங்க இருக்கு?"ன்னு கேக்கா.

"இணைப்பு இரண்டு, மூணாம் பக்கம்மா."

"இணைப்பு ஒண்ணு என்ன அண்ணாச்சி?"

"இணைப்பு இரண்டைப் பாக்கச் சொல்லி ஒரு குறிப்பு."

அந்தப் பிள்ளை சிரிக்கல, அதைச் சொல்லணும். இசக்கியப்பன்தான் மைக்குல சிரிச்சுட்டாரு.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா. ஆவுடை அவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்து, கத்தரி நாத்தும் குடுத்தா. ரெண்டு பேரும் மாவுப்பூச்சியைப் பத்தி அரைமணி நேரம் பேசுதாங்க. நான் ஃபைலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அப்புறம் எனக்குப் பாடம். "அண்ணாச்சி, ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம்தான். தலைப்பு நாலஞ்சு சொல்லு, போன்ல ஒரு வரிக்குள்ள அடங்கணும். வந்தா அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு முதல்லயே சொல்லணும். என்ன செய்யணுமோ அதுக்கு ஒரு பட்டன். அப்புறம், நேத்துச் சேந்த ஆளுக்கும் ரெண்டு வருஷமா வராத ஆளுக்கும் ஒரே மெயில் அனுப்பக் கூடாது."

"ஏம்மா, சட்டத்துக்கு முன்னால எல்லா உறுப்பினரும் சமம்"னேன்.

"சட்டத்துக்குச் சமம்தான் அண்ணாச்சி. தூக்கம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல வராதுல்லா"ங்கா.

ஏதோ ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடுத்தா. அதுல என் பழைய மெயிலையே ஒரு சோதனைக்கு அனுப்பிப் பாத்தோம். யாரு தொறந்தா, எப்பத் தொறந்தான்னு அது காட்டும். மூணு நாள் கழிச்சுப் பாத்தா, நூத்தி எண்பத்தாறுல இருபத்தி மூணு. அந்த இருபத்தி மூணுல ஒம்பது நான் தொறந்தது. சரியாப் போயிருக்கான்னு பாக்கணும்லா.

இங்கதான் தம்பி ஒரு விஷயம். அந்தப் பிள்ளை எனக்கு எழுதக் கத்துக்குடுத்தா. நான் அதைக் கத்துக்கல. கத்துக்கிடுறதுக்கு என்ன இருக்கு, எனக்குத் தெரியாத எழுத்தா? ஆனா அந்தப் பட்டியல் இருக்கு பாருங்க, பேரு, தேதி, மணி, நிமிஷம், எத்தனை தடவைன்னு, அதைப் பாத்த உடனே என் உடம்புல கரண்ட் பாஞ்ச மாதிரி ஆயிட்டு. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வருகைப் பதிவேட்டை நான் பாத்ததில்ல.

காலைல எந்திரிச்சுப் பல்லு தேய்க்க முன்னால பட்டியல். அப்புறம் போன். "சார், நேத்து மத்தியானம் ரெண்டு பதினாலுக்குத் தொறந்தீங்க. ரெண்டு பதினாலுக்கே மூடிட்டீங்க. இருபத்தோரு வரியை எப்படி சார் ஒரு நிமிஷத்துல படிச்சீங்க?" நியாயமான கேள்விதான? ஒரு டீச்சரம்மா அழுதுட்டாங்க. மூணாம் தெருக்காரர் ஒருத்தர் நம்பரையே மாத்திட்டாரு. இசக்கியப்பனுக்கும் போட்டேன். தலைவர்னா சலுகை உண்டா?

"வே, நான் கக்கூஸ்ல இருந்து பாத்தேன்வே. அதுக்குமா விளக்கம் கேப்பீரு?"ன்னாரு.

"எங்க இருந்து பாத்தீருன்னு நான் கேக்கல. ஏன் பதில் போடலைன்னுதான் கேக்கேன்."

போனை வச்சுட்டாரு. நாப்பது வருஷப் பழக்கம். வச்சுட்டாரு தம்பி.

கெப்சிபாவுக்கு விஷயம் தெரிஞ்சு ஓடி வந்தா. "அண்ணாச்சி, அந்தக் கணக்கு நம்ம எழுத்து எப்படி இருக்குன்னு நாம பாக்கதுக்கு. அவங்களை மிரட்டுறதுக்கு இல்ல"ன்னா. சின்னப் பிள்ளை, நிர்வாகம் தெரியாது. சரின்னு விட்டுட்டேன். தலைப்புதான் குறைன்னு சொல்லுதா, தலைப்புலயே காட்டுவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

அந்த வாரம் தொட்டியில கறிவேப்பிலைக் கன்னு பட்டுப்போகாமப் பாத்துக்கிடுறது எப்படின்னு ஒரு கட்டுரை. ஆவுடை சொன்னதை நான் நடையாக்கினது. அதுக்கு நானே தலைப்பு வச்சேன். நாலே சொல்லு. "உங்கள் மாடியில் ஒரு பிணம்."

சிரிக்காதீங்க. நூத்தி எழுபத்தொரு பேர் தொறந்தாங்க! அதுவும் பத்தே நிமிஷத்துல. கெப்சிபாவோட மெட்ராஸ் கம்பெனிகூட அப்படி ஒரு எண்ணிக்கையைப் பாத்திருக்காது. என்ன, தொறந்தவங்க உள்ள படிக்கல. தலைப்பைப் பாத்துட்டு நேரா மாடிக்கு ஓடிட்டாங்க. ஒரு வீட்டுல மாமியார்க்காரி மயக்கம் போட்டுட்டாங்க. இன்னொரு வீட்டுல போலீசுக்குச் சொல்லிட்டாங்க. ஏட்டையா ஒருத்தர் வந்து தண்ணித் தொட்டிக்குள்ள எல்லாம் கம்பை விட்டுப் பாத்துட்டு, கடைசில என் வீட்டுக்கு வந்தாரு. கட்டுரையை அச்செடுத்துக் கைல குடுத்தேன். நின்னபடியே முழுசாப் படிச்சாரு, பாவம். "எங்க வீட்டுலயும் பட்டுப்போச்சுங்க, புளிச்ச மோர் ஊத்தலாமா?"ன்னு கேட்டாரு. ஆவுடைதான் பதில் சொன்னா. பாத்தீங்களா, ஒரு வாசகர் கிடைச்சிட்டாரு.

ஆனா மறுநாள் பட்டியலைத் தொறந்தா புதுசா ஒரு பக்கம். மெயிலுக்கு அடில சின்ன எழுத்துல "இனி அனுப்ப வேண்டாம்"னு ஒண்ணு இருக்கும்லா, அதை அமுக்கினவங்க. முப்பத்தியொரு பேரு. ஏன் வேண்டாம்னு அதுலயே எழுதியிருக்காங்க. "பயமாக இருக்கிறது." "இவர் போன் செய்கிறார்." "இவர் மறுபடியும் போன் செய்கிறார்." இப்படியே வருது. கடைசிப் பேரு, உறுப்பினர் எண் ஏழு, கு. ஆவுடையம்மாள்.

காரணம்: "இதையெல்லாம் வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன். அவ கொடியை இழுத்துக் கட்டிக்கிட்டு இருந்தா.

"ஏளா ஆவுடை, நீ ஸ்தாபக உறுப்பினர். செயலாளர் வீட்டுலயே விலகுனா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"நான் சங்கத்தை விட்டு விலகல. மெயில்தான் வேண்டாம்னேன்."

"சங்கம் வேற, மெயில் வேறயா?"

"ஆமா. சங்கம்னா செடி. மெயில்னா நீங்க"ன்னா.

சொல்லிட்டு, கொடியைக் கட்டிட்டு, கீழ போயிட்டா. நான் அங்கன ஒரு கவுத்துன தொட்டி மேல உக்காந்துட்டேன். காலை வெயில் ஏறிக்கிட்டே வந்துது. எனக்கு நெஞ்சை என்னமோ செஞ்சுது தம்பி. கோவம்தான். வேற என்னவா இருக்கும்? ஒம்பது வருஷம். ஒரு எழுத்துப்பிழை இல்லாம ஒம்பது வருஷம்.

போனை எடுத்தேன். டிராஃப்ட் போடல. பார்வை எண் இல்ல. சீல் இல்ல. பேசுறது மாதிரியே, கண்ணு கலங்குன வாக்குல தட்டி, அந்தச் சாப்ட்வேர் இல்லாம என் சொந்த மெயில்ல இருந்தே நூத்தி எண்பத்தாறு பேருக்கும், வேண்டாம்னவங்களுக்கும் சேத்து, விட்டுட்டேன். இப்பவும் அது எனக்கு மனப்பாடம், சொல்லவே வெக்கமா இருக்கு. தலைப்பு, "நான் விலகுகிறேன்". உள்ள இவ்வளவுதான்:

"ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட மாடிக்கு வாங்க. எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுக்கிடுங்க. அறுபத்திரெண்டு பேர் வரலைன்னா தீர்மானம் இல்ல, முந்நூறு தொட்டியும் போயிரும், பிள்ளைகளுக்குக் கீரை இல்ல. எங்க வீட்டுல கத்தரிக்காய் ஏகமாக் காய்ச்சிருக்கு. கொண்டு வாரேன், ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க. குத்தாலிங்கம்."

முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேவலமான டிராஃப்டை நான் எழுதினதே இல்ல.

அன்னைக்கிச் சாயங்காலத்துக்குள்ள பதில் வருது, பதில் வருது, வந்துக்கிட்டே இருக்கு. ஒம்பது வருஷத்துல ஒரு பதில் வராத பெட்டி தம்பி. "நிஜமாகவா?" "உறுதிதானே?" "முடிவை மாற்ற மாட்டீர்களே?" இப்படிக் கவலைப்பட்டுக் கேக்காங்க. அந்த நம்பர் மாத்தின மூணாம் தெருக்காரர், புது நம்பர்ல இருந்து அவரே கூப்பிட்டு, "கண்டிப்பா வாரேன்"ன்னாரு. இவ்வளவு பாசத்தை வச்சுக்கிட்டா இத்தனை நாளும் வாயத் தொறக்காம இருந்தாங்கன்னு நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை நூத்தி நாலு பேர்.

நாற்காலி பத்தல. வகுப்புல பிள்ளைங்க உக்காருற பெஞ்சைத் தூக்கிக்கிட்டு வந்து போட்டோம். மாடித் தீர்மானம் ரெண்டு நிமிஷத்துல நிறைவேறிட்டு. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அங்கனயே வாங்கிக்கிட்டாங்க. அடுத்தது என் விலகல். இசக்கியப்பன், "குத்தாலிங்கத்தோட விலகலை ஏத்துக்கிடலாமா?"ன்னு கேட்டு முடிக்கல, அத்தனை கையும் மேல போயிட்டு. பாதிப் பேரு ரெண்டு கையையும் தூக்கிட்டாங்க. அப்புறம் ஒரு கைத்தட்டு தம்பி! அடங்கவே இல்ல. இசக்கியப்பன் விசில் அடிச்சாரு, அறுபத்தெட்டு வயசுல. எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு. ஆபீஸ்ல என் பிரிவு உபசார விழாவுலகூட இப்படி யாரும் தட்டல.

கெப்சிபா பக்கத்துல வந்து, "அண்ணாச்சி, நான் மூணு மாசமாச் சொன்னது அத்தனையும் உங்க ஒரு மெயில்ல இருந்துது. ஒரு விஷயம், எங்க, எப்ப, எதுக்கு, வந்தா என்ன கிடைக்கும். இதைவிட நல்லா எனக்கே எழுத வராது"ன்னா.

"அது கோவத்துல எழுதினதும்மா, இலக்கணமே இல்ல"ன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி"ன்னா.

கத்தரிக்காய்ச் சாக்கைப் பிரிச்ச உடனே கூட்டம் பூராவும் ஆவுடையைச் சுத்தி நின்னுது. என்ன உரம், எந்த விதை, எத்தனை நாள்ல காய்க்கும்? அவளும் ஒவ்வொருத்தருக்கா நின்னு சொல்லுதா. ஆளு பேரு, வீடு, எந்த வருஷம் என்ன நாத்து வாங்கிட்டுப் போனாங்க, எல்லாம் சொல்லுதா. எனக்கு அதுல பாதிப் பேரைப் பட்டியல்லதான் தெரியும். யாரோ, "அக்காவையே செயலாளராப் போட்டா என்ன?"ன்னாங்க. அவ என்னையப் பாத்தா. நான் விதிப் புத்தகத்தைப் புரட்டிட்டு, "தடை ஒண்ணும் இல்ல"ன்னேன். போட்டியே இல்லாம வந்துட்டா. அந்த முப்பத்தியொரு பேர்ல இருபத்தெட்டு பேர் மெயில் திரும்ப வேணும்னு அங்கனயே பேர் குடுத்துட்டாங்க.

இதுக்கெல்லாம் காரணம் யாரு? என் மெயில்தான? அதை யாரும் சொல்ல மாட்டேங்காங்க, அதான் வருத்தம்.

ரெண்டு வாரம் கழிச்சுப் புதுச் செயலாளர்ட்ட இருந்து முதல் மெயில் வந்துது. நான் கூடத்துல உக்காந்திருக்கேன், அவ அடுக்களைல தோசை ஊத்திக்கிட்டு இருக்கா. தொறந்தேன். முதல் வரி, "வணக்கம் குத்தாலிங்கம்".

தம்பி, எங்களுக்குக் கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷம். அவ என் பேரைச் சொன்னதே இல்ல. ரேஷன் கடைல கேட்டா, ஆஸ்பத்திரில கேட்டா, "தென்காசிப் பக்கம் அருவி விழுற ஊரு இருக்குல்லா, அந்தச் சாமி பேரு"ம்பா. ஒரு நர்ஸம்மா பாபநாசம்னு எழுதிட்டாங்க. முப்பத்தெட்டு வருஷம். இப்ப பாருங்க, வணக்கம் குத்தாலிங்கம்.

கெப்சிபாட்ட சொன்னேன். "அது பேரை மெஷினே போட்டுக்கிடும் அண்ணாச்சி, எல்லாருக்கும் அப்படித்தான் போகும்"ங்கா. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? மெயில் யாரு பேருல வந்திருக்கு? ஆவுடை பேருல. அப்ப ஆவுடைதான எழுதியிருக்கா. அவ்வளவுதான்.

வணக்கத்துக்குக் கீழ மூணு வரி. "ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மாடியில் மண் கலக்கணும். இருபது கை வேணும். நீங்க வாரீங்களா?" அடில ரெண்டு பட்டன். ஒண்ணு "வாரேன்". இன்னொண்ணு "இந்தத் தடவை முடியாது".

ஒரு குரல் குடுத்தா அடுக்களைக்குக் கேட்டுரும். குடுக்கல. பட்டனை அமுக்கினேன். அமுக்கின உடனே அடுக்களைல அவ போன் ஒரு சத்தம் போட்டுது. கரண்டியை வச்சுட்டு எடுத்துப் பாத்தா. என் பக்கம் திரும்பல.

"ஏழு மணின்னா ஏழு மணி"ன்னா.

ஆறே முக்காலுக்கே போயிட்டேன் தம்பி. மேற்பார்வைக்குத்தான், வேற ஒண்ணும் இல்ல. சும்மா நிக்கமேன்னு ஒரு முப்பது தொட்டிக்கு மண்ணை அள்ளிப் போட்டேன்.